தூரத்துக் குன்றுக்கு ஏன் நீலம்?

திருகோணமலை உள்துறைமுகத்தைச் சூழ்ந்த குன்றுகளை வரையும் ஓவியர், கிட்ட இருக்கும் குன்றுக்குக் கரும்பச்சை தீட்டுவார். பின்னால் இருப்பதற்குச் சாம்பல் கலந்த நீலம். இரண்டிலும் நிற்பது ஒரே மாதிரி மரங்கள்தான். நிறத்தை மாற்றுவது இடையிலுள்ள காற்று.

காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைநீள ஒளியையே அதிகம் சிதறடிக்கின்றன. 450 நானோமீற்றர் நீலம், 650 நானோமீற்றர் சிவப்பைவிட நாலு மடங்குக்கும் மேல் சிதறும். இடையில் காற்று கூடக் கூட, சிதறிய நீலமும் குன்றின் மேல் கூடிக்கொண்டே போகும். கருமையான இடங்களில்தான் இது நன்றாகத் தெரியும்: மரநிழல் வெளிறும், வெயிலுக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு குறையும். தூரத்து வெண்முகிலுக்கு நடப்பதோ நேர்மாறு. அதன் ஒளி வரும் வழியில் நீலத்தை இழப்பதால், அடிவானத்து முகில் லேசாக மஞ்சள் தட்டும். இதைக் கவனித்துத் தீட்டியவரின் வானத்தை நான் உடனே நம்பிவிடுவேன்.

மாரி மழை விட்ட காலையில் அதே குன்றுகள் கிட்ட வந்ததுபோல் தெரியும். தூசியையும் உப்புத்துகளையும் மழை கழுவிவிட, வேறுபாடு கூடுகிறது; மூளை அதைத் தூரம் குறைந்ததாக எடுத்துக்கொள்கிறது.

அடிவானக்கோடு எப்போதும் பார்ப்பவரின் கண்மட்டத்தில்தான் இருக்கும். கடற்கரையில் நின்று, கோணேசர் கோயில் உச்சியில் நிற்கும் திருகோணமலைப் பாறையான சுவாமி மலையை வரைந்தால் அந்தக் கோடு பாறையின் அடிவாரத்தை ஒட்டிப் போகும். கோணேசர் கோயில் அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்குப் போய்விடும். அதே கோடு பாறையின் நடுவில் போனால், பார்ப்பவர் பாதி உயரத்தில் நிற்கிறார் என்று அர்த்தம். பாறையின் கம்பீரமும் அந்த அளவுக்குக் குறையும்.

சரி, ஓவியம் தரும் மனநிலை எங்கிருந்து வருகிறது? சிவப்பென்றால் உற்சாகம், நீலமென்றால் சோகம் என்று சொல்வது போதாது. நிறத்தைவிட ஒளிர்வுக்கே, அதாவது ஓரிடம் எவ்வளவு வெளிச்சமாகவோ இருட்டாகவோ தெரிகிறது என்பதற்கே, இதில் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். பிரெஞ்சு ஓவியர் மோனே 1872இல் வரைந்த ‘பதிவு, சூரிய உதயம்’ ஓவியத்தில் செம்மஞ்சள் சூரியனும் சுற்றியுள்ள சாம்பல் வானமும் கிட்டத்தட்ட ஒரே ஒளிர்வு கொண்டவை. மூளையில் இடத்தையும் அசைவையும் கணிக்கும் பகுதி, நிறத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை; வெளிச்ச வேறுபாட்டையே பார்க்கிறது. அதற்கு இந்தச் சூரியன் ஏறக்குறைய இல்லை. நிறத்தை அறியும் பகுதிக்கோ பளிச்சென்று இருக்கிறது. இந்த முரண்பாட்டால்தான் அது நிலைகொள்ளாமல் துடிப்பதுபோல் தோன்றுகிறது என்று நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் விளக்கினார்.

துறைமுகக் காட்சி ஒன்று கையில் கிடைத்தால் கைபேசியில் படமெடுத்து நிறத்தை நீக்கிப் பாருங்கள். அப்போதும் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால், ஆழம் ஒளிர்வில் இருக்கிறது. எல்லாம் ஒட்டித் தட்டையானால், ஓவியர் நிறத்தை மட்டும் நம்பியிருக்கிறார்.