சர்ரியலிசம்: தமிழில் மீமெய்யியல்

சர்ரியலிசம் பிரெஞ்சிலிருந்து வந்த சொல். 'சுர்' என்றால் மேலே, கடந்து. பின்பாதி யதார்த்தவாதம். கவிஞர் கியோம் அப்போலினேர் 1917-இல் ஒரு பாலே நாட்டியத்தைப் பற்றி எழுதும்போது இதைப் பயன்படுத்தினார். மறு ஆண்டே இறந்துவிட்டார். 1924-இல் அறிக்கை வெளியிட்டு இதைக் கலை, இலக்கிய இயக்கமாக்கியவர் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன். கனவும் நனவும் ஒன்றாகிற, இரண்டுக்கும் மேலான ஒரு மெய் உண்டு என்பது அவர் நம்பிக்கை.

தமிழில் இதற்கு 'மிகை யதார்த்தவாதம்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்பதற்கு ஓர் ஓவியத்தைப் பார்ப்போம். இந்த இயக்கத்தைச் சேர்ந்த ஓவியர் லியோனோரா காரிங்டன் 1937-38-இல் தீட்டிய சுய உருவப்படம் அது. அந்தப் பெண் நீல நாற்காலியில், சவாரிக்கான வெள்ளைக் காற்சட்டையோடு, தலைமுடி சிலிர்த்து நிற்க, நம்மை நேராகப் பார்க்கிறார். நீட்டிய கைக்கு எதிரே பால் சுரக்கும் பெண் கழுதைப்புலி ஒன்று. அதுவும் நம்மைத்தான் பார்க்கிறது. அவர் தலைக்குப் பின்னால் ஆடுகுதிரைப் பொம்மை அந்தரத்தில் தொங்குகிறது. ஜன்னலுக்கு வெளியே நிஜமான வெள்ளைக் குதிரை பாய்ந்தோடுகிறது. இதில் மிகை எங்கே இருக்கிறது? நாற்காலி நாற்காலியாகவும் ஜன்னல் ஜன்னலாகவும்தான் இருக்கின்றன. ஒன்றாக வரக்கூடாதவை ஒரே அறைக்குள் வந்துவிட்டன, அவ்வளவுதான். வெறும் முகச்சாயலை மட்டும் வரைந்திருந்தால் அந்தப் பெண்ணுக்குள் இருக்கும் காடும் ஓட்டமும் நமக்குத் தெரிந்திருக்காது.

'அடிமன வெளிப்பாட்டியம்' என்றும் ஒரு சொல் உண்டு. பொருள் சரிதான். ஆனால் வேறொரு கலை இயக்கமான எக்ஸ்பிரஷனிசத்தை வெளிப்பாட்டியம் என்கிறோமே, படிப்பவருக்குக் குழப்பம் வரும். அப்புறம், மூலச்சொல்லில் இருக்கும் 'மெய்' இதில் காணாமல் போகிறது.

மீமெய்யியல் என்பதே பொருத்தம். 'மீ' என்றால் மேல். மீயொலி, மீக்கடத்தி என்று அறிவியலிலும் புழங்குகிறது. மெய் என்பது உண்மையையும் உடலையும் குறிப்பதால், உருவப்படத்தைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் இன்னும் அழகாகப் பொருந்துகிறது. மீமெய்யியல் ஓவியம், மீமெய்யியலாளர் என்று தடையில்லாமல் நீளவும் செய்கிறது.

எதிர்பாராத எதைப் பார்த்தாலும் 'சர்ரியலாக இருந்தது' என்கிறோமே, அங்கே மீமெய் வேண்டாம். விசித்திரம் என்றாலே போதும்.