கலெக்டருக்கு மனு எழுதுவதற்கு முன்

வருவாய்த்துறை தொடர்பான வேலைகளை அதிகம் பார்க்கும் வழக்கறிஞர் நான். சென்னையில் என்னிடம் வருபவர்களில் பலர், கையில் ஏற்கெனவே ஒரு மனுவின் நகலோடுதான் வருகிறார்கள். 'பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர்' என்றுதான் அது தொடங்கும். உள்ளே பட்டா பெயர் மாற்றம், தெருவில் பொங்கும் சாக்கடை, ரேஷன் கார்டு என எதுவும் இருக்கலாம்.

மாவட்டம் என்றால் கலெக்டர்தான் எல்லாம் என்ற நினைப்பு கிராமங்கள் நிறைந்த மாவட்டத்தில் ஓரளவு சரி. சென்னையில் அது பொருந்தாது. இங்கே ஊராட்சியும் இல்லை, ஒன்றியமும் இல்லை. 2018-ல் மாவட்ட எல்லையை விரித்து, சுமார் 426 சதுர கிலோமீட்டர் உள்ள மாநகராட்சி எல்லைக்குச் சமமாக்கினார்கள். ஒரே வரைபடம்தான், ஆனால் அதன் மேல் பல நிர்வாகங்கள் தனித்தனியே ஓடுகின்றன.

நிலம், பட்டா, சாதி, வருமான, வாரிசுச் சான்றுகள், முதியோர் உதவித்தொகை போன்றவை தாசில்தார், கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் வழியாகக் கலெக்டரிடம் போகும். சாலை, குப்பை, சொத்து வரி, பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் மாநகராட்சி. அதன் ஆணையர் கலெக்டருக்குக் கீழ் உள்ளவர் அல்ல. சென்னையின் மாவட்டத் தேர்தல் அலுவலரே அவர்தான். மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு, அதே தெருவில் ஓடும் கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துக்கு. ரேஷன் கார்டுக்கு உணவுப்பொருள் வழங்கல் துறையின் மண்டல உதவி ஆணையரைப் பார்க்க வேண்டும். சட்டம் ஒழுங்கு போலீஸ் கமிஷனரிடம். அதிலும் அம்பத்தூர்க்காரருக்கு மாவட்டமும் மாநகராட்சியும் சென்னை, போலீஸ் மட்டும் 2022 முதல் ஆவடி.

அயனாவரத்திலிருந்து வந்த ஓர் அம்மாவின் விஷயத்தைச் சொல்கிறேன். வீடு மாமியார் பெயரில். மாமியார் பல வருடங்களுக்கு முன் வீட்டிலேயே இறந்தவர். இறப்பை யாரும் பதியவில்லை. வாரிசுச் சான்று கேட்டுக் கலெக்டருக்கு மனு கொடுத்தார், தாலுகாவுக்குப் போகச் சொன்னார்கள். தாலுகாவில் இறப்புச் சான்று கேட்டார்கள். மாநகராட்சியில் பதிவே இல்லை என்றார்கள். நான்கு மாதம் அலைந்தும் அடுத்து எங்கே போவது என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த அம்மா என் முன்னால் அழுதது இன்னும் மனதில் இருக்கிறது.

இதில் வரிசைதான் முக்கியம். முதலில் மாநகராட்சியில் 'பதிவு இல்லை' என்று எழுத்தில் வாங்க வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும்; ஒரு வருடம் தாண்டிவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு தேவை. அதற்கு அந்தக் கடிதமும் மற்ற ஆதாரங்களும் வேண்டும். உத்தரவு கிடைத்ததும் மறுபடி மாநகராட்சி. அங்கே பதிந்து இறப்புச் சான்று தருவார்கள். அப்புறம்தான் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று. அதை வைத்துத்தான் பட்டா பெயர் மாற்றம். ஆக வருவாய்த்துறை, மாநகராட்சி இரண்டுக்கும் மாறி மாறிப் போயே தீர வேண்டும். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பட்டா விஷயத்தில் தாசில்தார் உத்தரவு பாதகமாக வந்தால், கலெக்டருக்கு மனு எழுதுவது பெரிதாக உதவாது. மேல்முறையீடு கோட்டாட்சியரிடம், அதற்கும் மேலே சீராய்வு மாவட்ட வருவாய் அலுவலரிடம். இது தெரியாமல் மனு மேல் மனுவாக எழுதிக் காலத்தைக் கடத்தியவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கும்.

கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் வீண் என்று நான் சொல்லவில்லை. தாலுகாவில் மாதக்கணக்கில் கிடக்கும் விண்ணப்பம் அங்கே போன பிறகு நகர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் குப்பைக்கும் தெருவிளக்குக்கும் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணை அழைத்துப் புகார் எண் வாங்கிக்கொள்வதுதான் சீக்கிரம்.

எந்த அலுவலகம் என்றே பிடிபடவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் விண்ணப்பத்தின் நிலையைக் கேட்டு எழுதுங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாலும், பிரிவு 6(3)-இன்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி, அதை உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த மனுவில் 'பெறுநர்' இடத்தில் யாரை எழுதுவது என்று அதிலேயே இருக்கும்.