'மாதிரி விகிதம்': எதன் மாதிரி, எதற்கு எது விகிதம்?

கணினியோடு உணரியை (சென்சாரை) இணைத்துச் செய்யும் இயற்பியல் செய்முறைகளுக்குத் தமிழில் குறிப்பு எழுதுபவர்கள் 'மாதிரி விகிதத்தை 50 என அமைக்கவும்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 50 என்பது மொத்தப் புள்ளிகளா, நொடிக்கு 50 முறையா, 50 மில்லிநொடி இடைவெளியா? மூன்றுக்கும் மூன்று வரைபடம் வரும். மாணவர் எதைத் தட்டச்சு செய்வார்?

சொல்ல வந்தது சாம்பிளிங் ரேட். சுருளுக்குள் காந்தம் விழும்போது மின்னழுத்தம் இடைவிடாமல் மாறுகிறது. கணினியோ குறித்த இடைவெளியில் ஒருமுறை அளந்து, எண்ணாக்கி வைத்துக்கொண்டு, அடுத்த முறைக்குக் காத்திருக்கிறது. நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதுதான் அந்த ரேட். சாம்பிள், லத்தீன் 'எக்ஸெம்ப்ளும்' பழைய பிரெஞ்சு வழியாக வந்த வடிவம். அடியில் கிடக்கும் வினைக்கு 'வெளியே எடு' என்று பொருள். வேர்க்கதை இவ்வளவு போதும்.

முதல் குற்றவாளி விகிதம். விகிதம் என்பது ஒரே வகை அளவுகள் இரண்டின் ஒப்பீடு. அதற்கு அலகு கிடையாது. வீதம் என்பது ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கு. 'ஆளுக்கு இரண்டு பழம் வீதம்' என்று பந்தியில் சொல்கிறவர் விகிதம் என்று சொல்லமாட்டார். 'வட்டி விகிதம்', 'வளர்ச்சி விகிதம்' என்று நாளிதழ்கள் பழக்கிவிட்டதால் மொழிபெயர்ப்பாளர் கைக்கு அதுவே முதலில் வருகிறது. ஆய்வகத்தில் இதற்கு விலை உண்டு. மின்மாற்றிச் செய்முறையில் இரு சுருள்களின் சுற்றுகளுக்கு இடையே இருப்பது உண்மையான விகிதம். அதே தாளில் நொடிக்கு இத்தனை என்பதையும் விகிதம் என்றால், அலகு எழுதும் பழக்கமே கெட்டுப்போகும்.

மாதிரியைப் பற்றி நியாயமாகவே பேசலாம். மண் மாதிரி, இரத்த மாதிரி இரண்டும் நல்ல தமிழ். அவற்றில் குறை இல்லை. ஆனால் இயற்பியலில் அணு மாதிரி, மாதிரி வினாத்தாள், 'அது மாதிரி' என்று இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். 'ஊசலின் மாதிரி வீதம்' என்றால் ஊசலுக்கு ஏதோ மாதிரியுரு செய்யச் சொல்வதாகத்தான் படும்.

'மாதிரி அதிர்வெண்' என்று திருத்தியவர்களும் உண்டு. இது இன்னும் மோசம். புள்ளி எடுக்கும்போது எதுவும் அதிர்வதில்லை. அதிர்வது அளக்கப்படும் பொருள். டெல்லி இன்டர்-யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர் உருவாக்கிய, கணினியோடு இணைத்து அளக்கும் எக்ஸ்ப்ஐஸ் பெட்டியில் பீசோ ஒலிப்பானை 3,500 ஹெர்ட்சில் ஒலிக்கவிட்டு மைக்கில் பிடிக்கிறோம் என்று வைப்போம். நொடிக்கு 4,000 முறை மட்டும் அளந்தால் திரையில் 500 ஹெர்ட்ஸ் பொய்யலை ஒன்று, பார்க்க ஒழுங்காகவே, வந்து நிற்கும். 7,000-க்கு மேல் போனால்தான் பொய்யலை ஒழியும்; வடிவம் தெரிய 50,000 வேண்டும், அதாவது 20 மைக்ரோநொடி இடைவெளி, அலைக்குப் பதினான்கு புள்ளி. இந்தப் பாடத்தின் உயிரே அலையின் எண்ணும் அளப்பின் எண்ணும் வேறு வேறு என்பதுதான். இரண்டையும் அதிர்வெண் என்று அழைத்தால் எதை விளக்குவது?

சாம்பிளுக்கு இன்னொரு தமிழாக்கமான 'பதக்கூறு' அழகான சொல். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதைவிடச் சிறந்த விளக்கம் வேறு மொழியில் கிடைக்காது. ஆனால் 'பதக்கூற்று வீதம்' என்று சேர்த்ததும் நாக்கு இடறுகிறது. 'கூறெடுப்பு' புள்ளியியல் பாடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 'எடு' என்ற வினையும் கூடவே நிற்கிறது. ஆகவே கூறெடுப்பு வீதம். தனித்தமிழ்ப் பற்றுக்காகச் சொல்லவில்லை. சாம்பிளிங் ரேட் என்றே தமிழ் எழுத்தில் எழுதினாலும் மாதிரி விகிதத்தைவிடத் தெளிவுதான்.

சொல் தெளிந்தால் 'கூடக்கூட நல்லது' என்ற மயக்கமும் தெளியும். மீயொலித் தொலைவு உணரியான எஸ்ஆர்04-இல் ஒரு அளப்புக்கும் அடுத்ததற்கும் 60 மில்லிநொடி விடவேண்டும். நொடிக்குப் பதினாறுக்கு மேல் கேட்டால் பழைய எதிரொலி புதிய அளவோடு கலந்து, ஊசல் வரைபடத்தில் முட்கள் முளைக்கும். டிஎஸ்18பி20 வெப்ப உணரி 12 பிட் நுணுக்கத்தில் ஒருமுறை அளக்க 750 மில்லிநொடி வரை எடுக்கும். நொடிக்குப் பத்து முறை கேட்டால் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்து, குளிர்தல் வளைகோடு படிக்கட்டாகும். வெந்நீருக்கு 5 நொடிக்கு ஒருமுறை தாராளம்.

30 செ.மீ. விழுந்த காந்தம் 5 செ.மீ. சுருளைக் கடக்க ஏறத்தாழ 20 மில்லிநொடிதான். 'மாதிரி விகிதம் 50' என்பதை நொடிக்கு 50 என்று கொண்டால், அங்கே ஒரே ஒரு புள்ளி விழும். உச்சமும் பள்ளமும் காணாமல் போகும். குறிப்பில் இருக்கவேண்டிய வரி: 'கூறெடுப்பு வீதம் நொடிக்கு 1,000, இடைவெளி 1 மில்லிநொடி, புள்ளிகள் 500, மொத்த நேரம் 0.5 நொடி. பதிவைத் தொடங்கிய உடனே காந்தத்தை விடவும்.'