ஐந்து விரலும் போனாலும் 20 சதவீதம்தான்

காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்து, விரல் கருத்துப்போய், கடைசியில் எடுத்துவிட்டார்கள். உடனே சுற்றியிருப்பவர்கள் சொல்வது, "மாற்றுத்திறனாளி அட்டை எடுத்துடுங்க, உதவித்தொகை வரும்." அலைச்சல் அங்கேதான் தொடங்குகிறது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. ரத்தக்குழாய் அடைப்பு என்று தனியாக எதுவும் அதில் கிடையாது. கை, கால் இயக்கக் குறைபாடு என்ற வகையில்தான் போக வேண்டும். நாலு எட்டு வைத்தால் கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கிறதே, அந்த வலியை மட்டும் சொன்னால் எடுபடாது. காலில் எது வரைக்கும் போயிற்று என்பதுதான் கணக்கு.

பெருவிரல் போனால் குறைபாடு 10 சதவீதம். ஐந்து விரலும் போனால் 20. முன்பாதம் வரை என்றால் 30. பாதத்தின் நடுவரை போனால்தான் 40. பெரும்பாலான சலுகைகள் அந்த 40இல்தான் தொடங்குகின்றன. ஐந்து விரலும் போய், செருப்பு காலில் நிற்காமல் துணி சுற்றி நடப்பவருக்குக் கிடைப்பது, 40க்குக் கீழே இருப்பவர்களுக்கான வெள்ளை அட்டை. மஞ்சள் அட்டைக்கு 40 வேண்டும். வெள்ளை அட்டையை வைத்துக்கொண்டு உதவித்தொகைக்கு வரிசையில் நின்று நாளை வீணாக்காதீர்கள்.

இந்த நோய் பலருக்கு ஒரு வெட்டோடு நிற்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு முதலில் இரண்டு விரல், அப்புறம் முழங்காலுக்குக் கீழே. அந்த நிலையில் 60, 70 சதவீதம் வரும். அவரோ பழைய சான்றையே நீட்டிக்கொண்டிருந்தார். மனு இரண்டு முறை திரும்பி வந்தது. மறுமதிப்பீடு கேளுங்கள் என்று அந்த அலுவலகத்தில் ஒருவரும் சொல்லவில்லை. ஊன்றுகோலோடு மாடி ஏறிவரச் சொல்ல மட்டும் தெரிந்திருந்தது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த இடத்தில் வெட்டினார்கள் என்பது தெளிவாக இருக்கிறதா என்று வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே பாருங்கள். 'கால் அறுவை சிகிச்சை' என்று மட்டும் இருந்தால் பின்னால் இழுத்தடிப்பார்கள். ஆதாரில் உள்ள பெயர், இனிஷியல்தான் எல்லாக் காகிதத்திலும் இருக்க வேண்டும். புண் ஆறாமல் இருந்தாலோ, மூட்டு விறைத்திருந்தாலோ சதவீதம் கணக்கிடும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சான்றுக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில் "உங்க ஊருக்குப் போங்க" என்று விரட்டினால், சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்க விதி இருக்கிறது என்று சொல்லுங்கள். "உங்களுக்கு வராது" என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தருவது அவர்கள் கடமை. மேல்முறையீட்டுக்குப் போகும்போது அந்தக் காகிதம் கையில் இருக்கட்டும்.