படப்புத்தகத்தை முடிக்க அவசரப்படாதீர்கள்

"புக்கெல்லாம் வாங்கிக் கொடுத்தோம் மேடம். கிழிக்கிறான், இல்லன்னா வாயில வச்சுக் கடிக்கிறான். ரெண்டு பக்கத்துக்கு மேல உக்காரவே மாட்டேங்கிறான்."

நான் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். பேச்சு வரத் தாமதமாகிறதே என்ற கவலையோடு ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், வீட்டில் படப்புத்தகம் பார்ப்பதுண்டா என்று கேட்பேன். கிடைக்கும் பதில் ஏறக்குறைய இதுதான். இதில் இரண்டு புகார்கள் இருக்கின்றன. கடிப்பதும் கிழிப்பதும் குழந்தையின் வயதுக்கு உரியவை, கவலைப்பட ஒன்றுமில்லை. உட்கார மாட்டேன் என்பதற்குப் பாதிக்கு மேல் நாம்தான் காரணம்.

கடிப்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் புத்தகமும் ஒரு சாமான்தான். வாயில் வைத்து, தட்டி, கீழே போட்டுப் பார்த்தால்தான் அது இன்னதென்று பிடிபடும். படம் என்பது இன்னும் பெரிய புதிர். ஜூடி டிலோச் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாதக் குழந்தைகள் முன்னால் பொருள்களின் தத்ரூபமான வண்ணப் படங்களை வைத்தார்கள். குழந்தைகள் படத்தைத் தடவினார்கள், தட்டினார்கள், தாளிலிருந்து அந்தப் பொருளைப் பிடுங்கி எடுக்கவும் பார்த்தார்கள். 19 மாதக் குழந்தைகளோ பிடிக்கப் போகாமல் விரலை நீட்டிக் காட்டினார்கள். படத்தில் இருப்பதைக் கையில் எடுக்க முடியாது, ஆனால் அதைப் பற்றி இன்னொருவரிடம் ஏதாவது சொல்ல முடியும் என்பது இடைப்பட்ட மாதங்களில் பிடிபடுகிற விஷயம். அதுவரைக்கும் கெட்டி அட்டைப் புத்தகங்களைக் குழந்தையின் கையில் விட்டுவிடுங்கள். மெல்லிய தாள் புத்தகம் உங்கள் கையில் இருக்கட்டும். கிழிந்தால் டேப் இருக்கிறது.

இனி, உட்காராத கதை. "சரி, வீட்டுல எப்படிப் பாப்பீங்களோ அப்படியே இங்க ஒரு தடவை செய்ங்க" என்று ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு நான் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். அடுத்து நடப்பது அனேகமாக ஒரு பரீட்சை. "இது என்ன? சொல்லு. இது என்ன கலர்? எத்தனை பறவை இருக்கு, எண்ணு பாப்போம். நேத்து சொன்னியே, மறந்துட்டியா?" நாலாவது கேள்வியில் குழந்தை மடியிலிருந்து வழுக்கி இறங்கும். யாராக இருந்தாலும் இறங்கத்தான் செய்வார்கள். பதில் தெரிந்த ஒருவர், அதே பதிலை நம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்போம்?

இன்னொரு வகையினர் கேள்வியே கேட்க மாட்டார்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே மூச்சில் வாசித்து, புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்கள். குழந்தை ஒரு பக்கத்தில் கையை வைத்தால், "இரு, அடுத்த பக்கம் போலாம்" என்று அந்தக் கையை எடுத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் பரீட்சையை விட இதுதான் எனக்கு அதிக வருத்தம். பரீட்சையிலாவது குழந்தைக்குப் பேச ஒரு முறை கிடைக்கிறது.

ஒரு அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். இரண்டு வயதை நெருங்குகிற குழந்தை, சொற்கள் ரொம்பக் குறைவு. கையில் இருந்த பக்கத்தில் அடைமழை; ஒரு பையனின் குடை காற்றில் திரும்பிக்கொள்கிறது, பக்கத்தில் ஒரு நாய் உடம்பை உதறுகிறது. அப்பா நாயை விடவில்லை. "நாய் எங்க? நாய் எப்படிக் கத்தும்?" குழந்தையின் விரல் மட்டும் பக்கத்தின் கீழ் மூலைக்கே போய்க்கொண்டிருந்தது. அவர் அந்தக் கையைப் பிடித்து மறுபடியும் நாய் மேல் கொண்டுவந்து வைத்தார். "கையை விட்டுடுங்க சார், அவ விரல் எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க" என்றேன். மூலையில், சுவர் ஓரத்தில், ஒரு நத்தை. அதுவரை எனக்கும் அது கண்ணில் படவில்லை.

"நத்தை" என்றார் அப்பா. "நத்தை மெதுவா போகுது." சொல்லிவிட்டு என் சைகையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். குழந்தை அவர் முகத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடியும் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு அந்தச் சில விநாடிகள் பொறுக்கவில்லை. கால் ஆடிக்கொண்டே இருந்தது. அப்புறம் அவள் விரலைப் படத்தின் மேல் இழுத்துக்கொண்டே "போ..." என்றாள். அவர் உடனே "ஆமா, போகுது! நத்தை போகுது" என்றார். பக்கத்தைப் புரட்ட அவள் விடவில்லை. நத்தை அந்தப் பக்கத்தில் பல தடவை போனது.

நான் சொல்லவருவது மொத்தமும் இந்தக் காட்சியில் இருக்கிறது. குழந்தை எதைப் பார்க்கிறதோ அதற்குப் பெயர் சொன்னார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். வந்த சத்தத்தைத் திருத்தாமல், அதையே முழுச் சொல்லாகத் திருப்பிக் கொடுத்து, கூட ஒரு சொல் சேர்த்தார். குழந்தை ஒரு சொல் பேசினால் நீங்கள் இரண்டு சொல்லுங்கள். அது இரண்டு பேசினால் நீங்கள் மூன்று, நான்கு. "தப்பு, போகுதுன்னு சொல்லு" என்பது வேண்டவே வேண்டாம். சரியான வடிவத்தை அது உங்கள் வாயிலிருந்து கேட்டுவிட்டது, அது போதும்.

இதில் பெரியவர்களுக்கு மிகவும் கஷ்டமானது காத்திருப்பது. மனதுக்குள் ஐந்து வரை மெதுவாக எண்ணுங்கள் என்பேன். சில குழந்தைகளுக்குப் பத்து வரை எண்ண வேண்டியிருக்கும். கேட்டதைப் புரிந்துகொண்டு, பதிலைத் தேடி எடுத்து, வாயை அதற்குத் தயார் செய்ய அந்தச் சின்ன மூளைக்கு அவ்வளவு நேரம் ஆகிறது. நாம் இரண்டாவது விநாடியிலேயே அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறோம். குழந்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இது வெறும் அனுபவப் பேச்சு இல்லை. அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் குழுவினரும் 1988இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு, இரண்டரை வயது வாக்கில் குழந்தைகள் உள்ள, ஏற்கெனவே வீட்டில் புத்தகம் வாசிக்கிற நடுத்தரக் குடும்பங்கள். பாதிப் பெற்றோருக்கு மட்டும் வாசிக்கும் விதத்தை மாற்றச் சொல்லிக்கொடுத்தார்கள்: ஆம், இல்லை என்று முடியாத கேள்விகளைக் கேளுங்கள், குழந்தை சொன்னதை நீட்டிச் சொல்லுங்கள், நேராக வாசித்துக்கொண்டே போகாதீர்கள். மற்றவர்கள் வழக்கம்போல வாசித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பேசும் திறனைச் சோதித்ததில், முறையை மாற்றிய வீட்டுக் குழந்தைகள் ஒரு சோதனையில் 6 மாதமும் இன்னொன்றில் 8.5 மாதமும் முன்னால் இருந்தார்கள். ஒன்பது மாதம் கழித்து அந்த இடைவெளி குறைந்திருந்தது, ஆனால் மறைந்துவிடவில்லை. அவர்கள் பேச்சுத் தாமதம் இல்லாத குழந்தைகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால் "ஒரே மாதத்தில் ஆறு மாதப் பேச்சு" என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. ஆனால் செலவில்லாமல், இருக்கிற புத்தகத்தை வைத்தே மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயம் இது.

கேள்வியே கேட்கக் கூடாதா என்றால், கேட்கலாம். வகைதான் மாற வேண்டும். பெயரும் நிறமும் எண்ணிக்கையும் தெரிந்த பிறகு அதையே கேட்டுக்கொண்டிருக்காமல், "ஐயோ, குடைக்கு என்ன ஆச்சு?", "இப்ப இவன் என்ன பண்ணுவான்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நீங்களே சொல்லிவிட்டு நகருங்கள். ஒரு கேள்விக்கு இரண்டு, மூன்று சாதாரணப் பேச்சு என்ற அளவில் வைத்துக்கொண்டால் பரீட்சை வாடை அடிக்காது.

அடுத்த புகார், "ஒரே புக்கையே கொண்டு வந்து நீட்டுறா, எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு." அலுப்பு உங்களுக்கு, குழந்தைக்கு அது வேலை. 2011இல் ஜெசிகா ஹார்ஸ்டும் சக ஆய்வாளர்களும் 3 வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பிரிவுக்கு வெவ்வேறு கதைகள். புதுச் சொற்கள் இரண்டு பிரிவின் காதிலும் ஒரே எண்ணிக்கையில்தான் விழுந்தன. அதே கதையைக் கேட்ட குழந்தைகளுக்கே சொற்கள் அதிகம் தங்கின. கதை எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டால் சொல்லைக் கவனிக்க இடம் கிடைக்கிறது போலும். பழகிய புத்தகத்தில் இன்னொரு வசதியும் உண்டு. நடுவில் நிறுத்தி, கடைசிச் சொல்லை விட்டுப் பாருங்கள்: "நாய் ஓடி வந்து தண்ணியில..." மீதியைக் குழந்தை போட்டு முடிக்கும். பேச யோசிக்கிற குழந்தைகளிடம் முதல் சொற்களை நான் அதிகமாகப் பெற்றது இந்த வழியில்தான்.

எந்தப் புத்தகம் என்ற கேள்விக்கு நான் அதிக நேரம் செலவிடுவதில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு படம், பின்னணியில் கசகசவென்று எதுவும் இல்லாமல் இருந்தால் சின்னக் குழந்தைக்கு நல்லது. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் படம் இருந்தால், பேசப்போகிற பக்கத்தின் மேல் முதலில் கையை ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திணறுவது குறையும். வீட்டு ஆட்களின் புகைப்படங்களை ஒட்டி நீங்களே ஒரு புத்தகம் செய்தாலும் ஜோராக ஓடும்.

தட்டினால் பாடுகிற, கத்துகிற திரைப் புத்தகங்கள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருப்பேன். 37 பெற்றோர்-குழந்தை ஜோடிகளிடம் அச்சுப் புத்தகத்தையும் டேப்லெட் புத்தகத்தையும் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வந்தது. அச்சுப் புத்தகத்தோடு இருந்தபோதுதான் பெற்றோர், குழந்தைகள் இரு தரப்பும் அதிகம் பேசினார்கள். டேப்லெட் கையில் இருந்தால் பேச்சு "அதைத் தொடாதே", "இரு, நான் அழுத்துறேன்" என்று கருவியைச் சுற்றியே போய்விடுகிறது. சத்தம் எல்லாவற்றையும் கருவியே போட்டுவிட்டால் உங்களுக்கும் குழந்தைக்கும் அங்கே வேலை இல்லை.

உள்ளே எந்த மொழியில் அச்சாகியிருந்தாலும், நீங்கள் வீட்டில் கொஞ்சுகிற, சண்டை போடுகிற மொழியிலேயே பேசுங்கள். தயங்கித் தயங்கி வாசிக்கிற இன்னொரு மொழியில் "நத்தை மெதுவாஆஆ போகுது" என்று இழுத்துச் சொல்ல வராது. படிக்கத் தெரியாத பாட்டியும் தாத்தாவும் இதைத் தாராளமாகச் செய்யலாம். சில வீடுகளில் அவர்கள்தான் இதில் கில்லாடிகள். வாசித்து முடிக்க வேண்டும் என்ற அவசரம் அவர்களிடம் இல்லை.

அப்படியானால் எழுதியிருப்பதை வாசிக்கவே வேண்டாமா? மூன்று வயதை ஒட்டி, குழந்தை கதையைத் தொடர ஆரம்பித்ததும் வாசியுங்கள். 2015இல் 100 படப்புத்தகங்களை ஆராய்ந்தவர்கள், பெற்றோர் குழந்தைகளிடம் சாதாரணமாகப் பேசும் பேச்சை விட அவற்றில் வகை வகையான சொற்கள் அதிகம் என்று கண்டார்கள். அன்றாடப் பேச்சில் நாம் புழங்காத சொற்கள் அந்த வழியாகத்தான் வரும். ஆனால் எழுத்துகளைக் காட்டி நடத்த வேண்டாம். நான்கு வயதுக் குழந்தைகளின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தபோதும், வாசிப்பைக் கேட்கும் நேரத்தில் பார்வை அனேகமாகப் படத்தில்தான் இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும்.

நேரம் என்று பார்த்தால் ஒன்றரை வயதில் மூன்று, நான்கு நிமிடம் கிடைத்தாலே நல்லது. எழுந்து போனால் விட்டுவிடுங்கள். புத்தகம் கைக்கு எட்டும் இடத்தில் கிடந்தால் தானே தூக்கிக்கொண்டு வரும்.

இவ்வளவு செய்தும் சில அறிகுறிகள் கண்ணில் பட்டால் காத்திருக்க வேண்டாம். 18 மாதமாகியும் எதையும் விரல் நீட்டிக் காட்டவில்லை, உங்கள் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்ப்பதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, வந்த சொற்கள் காணாமல் போகின்றன: இவற்றில் எது இருந்தாலும் குழந்தை நல மருத்துவரையோ பேச்சுப் பயிற்சியாளரையோ பாருங்கள். காது கேட்கும் சோதனையை முதலில் செய்துவிடுங்கள். "டிவி சத்தத்துக்குத் திரும்புறானே" என்பது சோதனை ஆகாது. முடிவு தெரியும்வரை புத்தகத்தை நிறுத்தவும் வேண்டாம். மடியில் வைத்துக்கொள்வதற்குப் பதிலாக எதிரே உட்காருங்கள், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும், வாயசைவு தெரிகிற மாதிரி படத்தைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பேசுங்கள்.