கூச்சல் ஓய்ந்தும் ஓயாத உடம்பு

தொப்பூர் கணவாயில் லாரி மோதி அடிபட்டவரை நள்ளிரவில் தருமபுரிக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னாலேயே வேன் நிறைய உறவினர்கள் வந்து இறங்குவார்கள். டாக்டர் அறுவை அரங்குக்குள் இருப்பார். வாசலில் அகப்படுபவர் நைட் டூட்டி சிஸ்டர்தான். ஒருவர் ஒருமையில் வைகிறார். இன்னொருவர் கை ஓங்குகிறார்.

அந்த நொடியில் சிஸ்டரின் மூளையிலுள்ள அமிக்டலா ஆபத்தை உணர்கிறது. அட்ரினலின் பாய்ந்து நெஞ்சு படபடக்கிறது. சற்றுப் பிறகு கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறுகிறது. கார்டிசாலுக்கு ஓர் அழகான குணம் உண்டு: இரத்தத்தின் வழியே மூளைக்குப் போய், 'இனி என்னைச் சுரக்க வேண்டாம்' என்று அதுவே சொல்லும். தொட்டி நிறைந்ததும் தானாக அணையும் கிணற்று மோட்டார் போல. ஆனால் அணைவதற்கு ஆபத்து விலகியிருக்க வேண்டும், கொஞ்சம் அமைதியும் வேண்டும். சிஸ்டருக்கு அது எங்கே கிடைக்கிறது? கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு ஊசி போடப் போகிறார். மருந்தின் அளவைக் கணக்கிடும், நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியோ கடும் பதற்றத்தில் மங்குகிற பகுதி. அவர்மேல் விழுந்த அடி நோயாளியின் பாதுகாப்பையும் தொடுகிறது.

விடியலில் உயர்ந்து நள்ளிரவில் தாழ்வது கார்டிசாலின் இயல்பான தாளம். மாறி மாறி வரும் இரவுப் பணி அதையும் குலைக்கிறது.

இப்படியே மாதங்கள் போனால் வருவதுதான் பணிச்சோர்வு. அதை அளக்கும் கேள்விப் பட்டியலை 1981-இல் வெளியிட்ட உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் மூன்று முகங்களைக் காட்டினார்கள்: மனம் வற்றிப்போவது, மனிதர்களிடமிருந்து விலகிப்போவது, 'நான் செய்வதால் என்ன பயன்' என்ற எண்ணம். இரண்டாவதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. பெயர் சொல்லி அழைத்த நோயாளி ஒருநாள் 'ஐந்தாம் கட்டில்' ஆகிவிடுகிறார். அதைக் கல்நெஞ்சம் என்று ஏசுகிறோம். இனியும் காயப்படாமலிருக்க மனம் போட்டுக்கொள்ளும் வேலி அது. உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் பணிச்சோர்வை நோயாக அல்ல, வேலையிடம் சார்ந்த நிகழ்வாகவே வகைப்படுத்தியது.

'மனதைத் திடமாக வைத்துக்கொள் அம்மா' என்ற அறிவுரையை என்னால் ஏற்க முடியவில்லை. அடி வாங்கியவர்மீதே அது பாரத்தை ஏற்றுகிறது. மீள்திறன் தனி ஆளின் நெஞ்சுரத்தால் மட்டும் வருவதில்லை. அமெரிக்காவில் உளவியலாளர் ஜேம்ஸ் கோன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், லேசான மின்னதிர்ச்சி வரலாம் என்று காத்திருந்த 16 பெண்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். கணவர் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் அச்ச எதிர்வினை தணிந்தது. இணக்கமான தம்பதியரிடம் இன்னும் நன்றாகத் தணிந்தது.

வார்டில் அந்தக் கை யாருடையது? இரவில் இன்னொரு சிஸ்டர், வாசலில் ஒரு காவலர், உள்ளே நடப்பதை உறவினர்களுக்கு அவ்வப்போது சொல்ல ஓர் ஆள். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை என்று 2008-இலேயே தமிழ்நாடு சட்டம் இயற்றிவிட்டது. ஆனால் புகார் எழுதும்போது மேலதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அது சிஸ்டருக்கு உதவும்.

காலையில் டூட்டி ஒப்படைக்கும்போது ஒவ்வொரு கட்டிலைப் பற்றியும் சொல்லிவிட்டுத்தான் சிஸ்டர் பென்னாகரம் பஸ்ஸுக்குப் போகிறார். இரவில் அவருக்கு என்ன நடந்தது என்பதையும் அப்போதே ஒருவர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.