அன்னாசி வயலும் நூற்புழுவும்: மண் புகைமருந்து வேலை செய்யும் விதம்

1943-ல் ஹவாயின் அன்னாசி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வால்டர் கார்ட்டர் ஒரு செய்தியை வெளியிட்டார். பெட்ரோலிய ரசாயனத் தயாரிப்பில் மிஞ்சும் ஒரு திரவத்தை மண்ணுக்குள் செலுத்தினால் அன்னாசி செழிப்பாக வளர்கிறது என்றார். டி-டி எனப் பெயர்பெற்ற அந்தத் திரவம், வேரைத் தின்னும் நூற்புழுக்களைக் கொன்றுகொண்டிருந்தது.

வேர்முடிச்சு நூற்புழுவின் குஞ்சு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மண்துகள்களைப் போர்த்திய மெல்லிய நீர்ப்படலத்தில் நெளிந்துபோய் வேர் நுனியைத் துளைத்து உள்ளே தங்கும். அது உமிழும் சுரப்பால் வேரின் செல்கள் வீங்க, அங்கேயே உட்கார்ந்து சாறு குடிக்கும். ஒரு பெண்புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மண்ணின் ஆழத்தில் இப்படிச் சிதறிக் கிடப்பதை மருந்துக் கரைசல் ஊற்றிப் பிடிப்பது கடினம். வாயுவால் முடியும். காற்றில் மூலக்கூறுகள் தண்ணீரில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு வேகமாகப் பரவும்.

ஒன்றரை அடி ஆழம்வரை செலுத்திய திரவம் ஆவியாகி, மண்ணின் காற்றிடைவெளிகள் வழியே நாலாபக்கமும் நகரும். அப்புறம் நீர்ப்படலத்தில் கரைந்து புழுவின் உடலுக்குள் போகும். அங்கே புரதங்களோடு வினைபுரிந்து அவற்றைச் செயலிழக்கச் செய்யும்.

ஆகவே, வெற்றியில் மருந்தின் வீரியம் பாதிதான், மீதி மண்ணின் பக்குவம். மண் சொதசொதவென்றிருந்தால் இடைவெளிகளில் நீர் அடைத்து வாயு நின்றுவிடும். காய்ந்து கிடந்தால் மேலே தப்பிவிடும். உலர்ந்த புழுவும் எளிதில் சாகாது. குளிரில் ஆவியாவது மந்தமாகும். பழைய வேர்த்துண்டுகள் மட்காமல் கிடந்தால் அவற்றுக்குள் முட்டைகள் பத்திரமாக இருக்கும். வாயு தேவையான நேரம் தங்குவதற்காகத்தான் பிளாஸ்டிக் தாள் விரிக்கிறார்கள். பிறகு வாயு முழுக்க வெளியேறும்வரை நடவு கூடாது, நாற்றும் செத்துவிடும்.

மண்ணில் தடையின்றி நகர்வதே இத்தகைய புகைமருந்துகளின் பலம், ஆபத்தும் அதுவேதான். டி-டிக்கு அடுத்து வந்த டிபிசிபி என்ற புகைமருந்து, நின்ற பயிரையும் கெடுக்காததால் பெரிய வரவேற்பு பெற்றது. 1977-ல் கலிஃபோர்னியாவில் அதைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர்கள் பலரிடம் மலட்டுத்தன்மை கண்டறியப்பட்டது. இதை வெறும் பக்கவிளைவு என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. 1979-ல் அமெரிக்கா ஏறக்குறைய எல்லாப் பயன்பாட்டையும் நிறுத்தியது. மெத்தில் புரோமைடு என்ற இன்னொரு புகைமருந்து, ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்கீழ் பெரும்பாலும் கைவிடப்பட்டது. டிபிசிபியோ நிலத்தடி நீரிலும் இறங்கியிருந்தது. தடை வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரம் தன் கிணற்று நீரைக் கரிவடிகட்டிகளில் செலுத்தி அதைப் பிரித்தெடுத்து வருகிறது.